அறுபத்தொன்றாவது நோட்டீஸின் பின்பக்கம்

செங்கல், நெய்யாற்றின்கரை,
ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் அஜிதாவுக்கு அப்பா எழுதுவது. இசக்கியம்மன் காவலில் நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். வழக்கமாக அடுத்த வரியில் அங்கே நீ சுகமா என்று கேட்பேன், இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. நீ சுகமாக இல்லை என்பதும், வருகிற பதினாறாம் தேதி வியாழக்கிழமை காலையில் உன் கழுத்தைத் திறந்து தைராய்டில் இருக்கிற கட்டியை எடுக்கப் போகிறார்கள் என்பதும், பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதற்கு நீ சம்மதம் கொடுத்துவிட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். இவருக்கு எப்படித் தெரிந்தது என்று இப்போது வாயைப் பிளந்திருப்பாய். நன்றாகப் பிள. சனிக்கிழமை நான் பிளந்த வாயை இன்றைக்கு வரை மூடவில்லை. எனக்குச் சொன்னது யார் என்று நினைக்கிறாய்? அரும்பாடுபட்டு நீ வாங்க வைத்தாயே, அந்தப் பிரிண்டர்தான் சொன்னது.

ஃபோனில் கேட்டிருக்கலாமே என்பாய். ஃபோனில் கேட்டால் ஒண்ணும் இல்லப்பா, சின்ன விஷயமாக்கும் என்று நீ சொல்வாய், நான் கத்துவேன், உடனே அங்கே சிக்னல் போய்விடும், எனக்குத் தெரியாதா உன் சிக்னலை. அதனால்தான் கையால் எழுதி, அந்த மெஷினிலேயே வைத்து ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். இடையில் நிறுத்தாமல் கடைசி வரை வாசி, கடைசியில் ஒரு காரியம் இருக்கிறது, அதை நீ செய்தே ஆக வேண்டும்.

முதலில் ஒன்று ஞாபகப்படுத்துகிறேன், நம் வீட்டுக்குப் பிரிண்டர் எதற்கு வந்தது? ஜங்ஷனில் ராஜப்பன் கடை இருக்கும்போது தனியாக ஒரு மெஷின் எதற்கு என்றுதான் நானும் வருஷக்கணக்காக இருந்தேன். ஆனால் ராஜப்பனிடம் ஒரு தாளைக் கொடுத்தால் அவன் அதை அச்சடிப்பதற்கு முன்னால் வாசித்துவிடுவான், சாயங்காலம் டீக்கடையில் பாதி ஊருக்குத் தெரிந்துவிடும். அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுக்கக் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்கு நடந்து வருவதற்குள், வழியில் இரண்டு பேர் சொர்ணம்மாளுக்கு சுகர் கூடிப்போச்சாமே அண்ணாச்சி என்று துக்கம் விசாரித்தார்கள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், வீட்டுக் காரியம் வீட்டுக்குள்ளேயே அச்சாகட்டும் என்று. அந்த முடிவை நினைத்தால் இப்போது சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

நான் அதை எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வாங்கினேனா? இல்லை. முதலில் மார்த்தாண்டம் போனேன். மூவாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு மெஷினை எடுத்து வைத்தான், வெள்ளை நிறத்தில் குட்டியாக அழகாகத்தான் இருந்தது. மை என்ன விலை என்று கேட்டேன். கறுப்புக்கு ஒரு டப்பா, கலருக்கு ஒரு டப்பா, இரண்டும் சேர்த்து அவன் சொன்ன விலையில் கிட்டத்தட்ட அதே மெஷினில் இன்னொன்று வாங்கலாம். நூறு பக்கம் நூற்றைம்பது பக்கம் வந்தால் டப்பா காலியாம். சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன், அவனுக்கு அந்தப் பழமொழிகூடத் தெரியவில்லை. அதோடு அங்கே வாங்கினால் ரிப்பேருக்கும் மாநில பார்டர் தாண்டி அங்கேதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பிறகு நெய்யாற்றின்கரையில் அஜீஷ் கடை. பையன் தங்கமான பையன், மூன்று வகையைப் பிரித்துச் சொன்னான். டப்பா மெஷின் வருஷத்துக்குப் பத்துத் தாள் எடுக்கிறவனுக்கு. லேசர் மெஷின் மாசக்கணக்காக மூடி வைத்தாலும் காயாது, நம்பலாம், ஆனால் நம் கைக்கு எட்டுகிற விலையில் கறுப்பு மட்டும்தான். மூன்றாவது, குப்பியிலிருந்து மையை ஊற்றி நிரப்புகிற டேங்க் மெஷின், விலை கூடுதல், ஆனால் ஒரு தடவை நிரப்பினால் ஆயிரக்கணக்கில் தாள் வரும், வாரத்துக்கு ஒரு கலர்த் தாளாவது எடுக்க வேண்டும், இல்லையென்றால் மை காய்ந்து மூக்கடைத்துக்கொள்ளும். நான் அவனிடம் மூன்றே கேள்விதான் கேட்டேன். மெஷின் படுத்துவிட்டால் பார்க்கிறவன் எந்த ஊரில் இருக்கிறான், இதே மைக்குப்பி இரண்டு வருஷம் கழித்தும் இந்த பஜாரில் கிடைக்குமா, எடவப்பாதி மழையில் தாள் நமுத்துப்போனால் இழுக்குமா கடித்துத் துப்புமா. அஜீஷ் சிரித்துக்கொண்டே, அண்ணாச்சி, பெண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாங்க கேட்டேளா என்றான். இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸில் அம்மன் படம் சிவப்பாக வர வேண்டும் என்பதால் டேங்க் மெஷின்தான் என்று முடிவாயிற்று.

அதிலும் வயர் உள்ளது போதும் என்று நான் சொன்னேன். சொன்னேனா இல்லையா? எந்தத் தாள் எங்கிருந்து வருகிறது என்று வயரைப் பிடித்துப் பார்த்தாலே தெரியும், ஆகாயத்திலிருந்து தாள் வரும் மெஷின் நமக்கு எதற்கு என்றேன். நீதான் கடல் தாண்டி அபர்தீனில் இருந்துகொண்டு ஒற்றைக் காலில் நின்றாய். வயர் இல்லாததுதான் வாங்கணும்ப்பா, நான் இங்க இருந்து அமுக்கினா அங்க வரும், உங்களுக்கு வேண்டிய பேப்பர் எல்லாம் நானே அனுப்பிடுவேன் என்றாய். தை மாதம் லீவில் வந்து நீயே அதை மேசையில் வைத்து உன் ஃபோனோடு இணைத்துவிட்டுப் போனாய். அந்தப் பதினைந்து நாளும் நீ கழுத்தில் ஒரு ஷாலைச் சுற்றிக்கொண்டே இருந்தாய் அஜிதா. இந்தப் புழுக்கத்தில் எதுக்கு மக்கா என்று நான் கேட்டதற்கு, குளிர் ஊரில் இருந்து பழகிப்போச்சுப்பா என்று சொன்னாய். நானும் சரி என்று மைக்குப்பி மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். முப்பத்துமூன்று வருஷம் தாலுகா ஆபீஸில் இருந்தவன், ஒரு ஃபைலில் ஒரு சுருக்கொப்பம் விட்டுப்போனால் பத்தடி தூரத்தில் இருந்து கண்டுபிடிப்பேன் என்று பேர் வாங்கினவன், எதிரில் உட்கார்ந்திருந்த சொந்த மகளின் கழுத்தைப் பார்க்கவில்லை. இதைவிட ஒரு வெட்கக்கேடு எனக்கு வேண்டாம்.

சரி, கதைக்கு வருகிறேன். ஒருபக்கத் தாளை நான் எறிய மாட்டேன் என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஒரு பக்கம் எழுத்து இருந்தாலும் மறுபக்கம் வெள்ளைதானே. சின்ன வயதில் உன் கணக்கெல்லாம் பழைய சர்க்குலர்களின் முதுகில்தான் நடந்தது. மை காயாமல் இருக்க வாராவாரம் எடுக்கிற அந்தக் கலர்க்கோட்டுத் தாளையும் நான் திருப்பி டிரேயில் வைத்துவிடுவேன். போன மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும், நான் திண்டில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே இருந்து உன் அம்மா, எனக்க தெய்வமே, இஞ்ச ஓடி வாருங்க, மெஷினு தன்னால இழுக்குது என்று அலறினாள். போய்ப் பார்த்தால் யாரும் தொடாமலே மெஷின் விளக்கெரிந்து ஒரு தாளை மெள்ள மெள்ள வெளியே தள்ளுகிறது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், பேய் கேறின மெஷினாக்கும், இத திருப்பிக் கொடுத்துட்டு வாங்க என்கிறாள். கண்ணாடி என் கையில் இல்லை. தாளில் பொடி இங்கிலீஷ், கட்டம் கட்டமாக. மெஷின் தன் உடம்பைத் தானே பரிசோதித்து இப்படி ஏதாவது அச்சடிக்கும் என்று அஜீஷ் சொல்லியிருந்தான், அதுதான் இது என்று நினைத்து உன் அம்மாவுக்கும் விளக்கம் சொல்லி, அந்தத் தாளைத் திருப்பி டிரேயில் வைத்துவிட்டேன். வாசிக்கவே இல்லை. அது உன் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க நீ ஃபோனிலேயே நிரப்பி வைத்த பாரம். அங்கே உன் ஃபோனில் நீ அமுக்கியிருக்கிறாய், ஃபோன் இந்த மெஷினைத்தான் தன் சொந்த மெஷின் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. உனக்கு அங்கே ஒன்றும் வராததால் வேறு எங்கேயாவது இன்னொன்று எடுத்திருப்பாய், இது கடல் தாண்டி செங்கலுக்கு வந்து சேர்ந்தது உனக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் கொடை நோட்டீஸ். இந்த வருஷம் கொடை இருபத்துநாலாம் தேதி வெள்ளிக்கிழமை. அறுபத்தொரு வீடு. புது ரீமைப் பிரித்து டிரேயில் இருந்த தாளின் மேலேயே வைத்தேன், அடியில் ஒருபக்கத் தாள் கிடக்கிறது என்ற நினைப்பே இல்லை. அறுபது தாள் எண்ணித்தான் வைத்திருக்கிறேன் போல, எண்ணிக்கையில் ஒன்று பிசகிற்று, அறுபத்தொன்றாவதாக மெஷின் அடியில் கிடந்ததை இழுத்துக்கொண்டது. முன்பக்கம் அம்மன் சிவப்பாக அழகாக விழுந்திருந்ததால் நான் பின்பக்கம் பார்க்கவில்லை. உன் அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டுத் தந்தாள், வழக்கப்படி நானே வீடு வீடாகப் போய் இரண்டு கையாலும் கொடுத்தேன். மஞ்சள் தொட்ட நோட்டீஸை நம் ஆட்கள் யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள், நேராக சாமி படத்துக்குப் பக்கத்தில் கொண்டு போய்ச் செருகிவிடுவார்கள். அப்படி அறுபது வீட்டில் எந்த வீட்டுக்குப் போயிருந்தாலும் உன் ஆபரேஷன் அடுத்த வருஷக் கொடை வரைக்கும் சாமிக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். ஆனால் கடைசித் தாள் கடைசி வீட்டுக்குப் போயிற்று. கடைசி வீடு எது? வாய்க்கால் ஓரத்து சுந்தரதாஸ் வீடு. அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், நம் கொடைக்கு ஒரு வருஷம் தவறாமல் பூவும் எண்ணெயும் கொடுக்கிறவர்கள், ஆனால் நோட்டீஸைச் செருகி வைக்க சாமி படம் கிடையாது. சுந்தரதாஸின் மனைவி விமலகுமாரி அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறாள், காற்றுக்குத் தாள் புரண்டிருக்கிறது.

சனிக்கிழமை காலையில் வந்தாள். மறுநாள் ஈஸ்டர், கையில் அரிசிமாவுகூடக் காயவில்லை. அம்மா கோழிக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்காமல் என்னைத் தென்னை மூட்டுக்குக் கூப்பிட்டு, நாலாக மடித்த நோட்டீஸை நீட்டினாள். சாரே, தப்பா நினைக்கப்பிடாது, வாசிக்கணும்னு வாசிச்சதில்ல, நம்ம அஜிதாக்க பேரு கண்டேன், பின்ன கண்ண எடுக்க முடியல்ல, இது உங்களுக்குத் தெரிஞ்ச காரியம்தானா என்று கேட்டாள். என்ன காரியம் என்றேன். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது எனக்கு ஒன்றும் தெரியாது என்று. அய்யோ கர்த்தாவே என்று சொல்லி அப்படியே தலையில் கையை வைத்தாள்.

நான் கண்ணாடி போட்டு நின்றபடியே வாசித்தேன். முதல் வரியில் உன் பெயர். இரண்டாவது வரியில் நீ பிறந்த தேதி, அதைப் பார்த்த பிறகுதான் இது நம் அஜிதா என்று என் மண்டைக்குள் ஏறிற்று. பிறகு கட்டி, கழுத்தின் வலது பக்கம், எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பப்படும் என்று இருந்தது. தென்னையைப் பிடித்துக்கொண்டேன். எதற்குப் பரிசோதனை என்று எனக்குத் தெரியும், அந்த வியாதியின் பெயரை நான் இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். ஆனால் அது இல்லை என்னை அடித்துப் போட்டது. அதற்குக் கீழே மூன்று கேள்வி. ஆபரேஷனுக்கு மறுநாள் உங்களை வீட்டுக்கு அழைத்துப் போகிறவர் யார்? டாக்சி என்று எழுதியிருக்கிறாய். முதல் ஒருநாள் முழுக்க வீட்டில் உங்களோடு இருக்கப்போகிறவர் யார்? யாரும் இல்லை. நெருங்கிய உறவினர் பெயரும் ஃபோன் நம்பரும். அங்கே என் பெயர், என் நம்பர், பக்கத்தில் ஒரு குறிப்பு, தயவுசெய்து இவரை அழைக்க வேண்டாம், வயதானவர்கள்.

வயதானவர்கள்! யார் வயதானவர்? போன வாரம் ஏணி போட்டு ஏறி தண்ணீர்த் தொட்டியைக் கழுவினவனா? அறுபத்தொரு வீட்டுக்குக் கால்நடையாக நோட்டீஸ் கொடுத்தவனா? நீ பிறந்த அன்றைக்குப் பேய்மழையில் பஸ் இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலுக்கு நடந்தே வந்தேன், அன்றைக்கு என்னை யாரும் அழைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் பள்ளிக்கூட பாரம் முதல் பாஸ்போர்ட் வரை எல்லாக் காகிதத்திலும் பாதுகாவலர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒரு இடத்தில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது. முதல் முதலாக நீ தனியாக நிரப்பின பாரத்தில் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். இந்த இரண்டு வார்த்தையை வாசிக்கத்தானா நான் பார்டர் தாண்டிப் போய் மெஷின் பார்த்தேன். நீ எங்களுக்குப் பயந்தா சொல்லவில்லை, இல்லை எங்களுக்காகப் பயந்தா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். இரண்டாவதுதான் என்று தெரிகிறது. ஆனாலும் கோபம் போகவில்லை, மனசு ஆறவில்லை, அதையும் சொல்லிவிட்டேன்.

உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற வெப்ராளத்தில் ஈஸ்டர் அன்றைக்கு விமலகுமாரி கொடுத்துவிட்ட அப்பத்தையும் கறியையும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் அம்மாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என்ன காரியம்னு சொல்லுங்க, ரெண்டு நாளா முகம் செத்துக் கிடக்கே என்றாள். சொர்ணம், பதறாதே, அஜிதாவுக்குக் கழுத்தில் என்று ஆரம்பித்தேன். அவள் பதறவில்லை. எழுந்து போய் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். வெள்ளித் தகட்டில் அடித்த ஒரு கழுத்து. கொடைக்கு அம்மனுக்குக் கொடுக்க நேர்ந்து, தை மாதமே தட்டானிடம் சொல்லிச் செய்து வைத்திருக்கிறாள். நீ குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது பார்த்தாளாம். பிள்ள சொல்லல்ல, நானும் கேக்கல்ல, உங்ககிட்ட சொன்னா நீங்க தாங்க மாட்டிய என்றாள். நீ அவளுக்கு ஒளித்தாய், அவள் எனக்கு ஒளித்தாள், இந்த வீட்டில் எதுவும் தெரியாமல் மைக்குப்பியைத் திருகிக்கொண்டு இருந்தவன் நான் ஒருத்தன்தான். கெட்டிக்காரிகள் இரண்டு பேரும். அதைச் சொல்லிவிட்டு உன் அம்மா அழுத அழுகையை நான் எழுத மாட்டேன், கொஞ்சம் நேரம் கழித்து நானும் சேர்ந்துகொண்டேன், அதையும் எழுத மாட்டேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன், கவனமாக வாசி. விமலகுமாரியின் மகள் ஜெஸ்னாவை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு கீழே படித்தவள், இப்போது கிளாஸ்கோவில் நர்ஸ். உன் ஊருக்கு அங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் என்று விமலகுமாரி சொல்கிறாள். இவ்வளவு பக்கத்தில் ஒருத்தி இருந்தும் நீங்கள் இரண்டு பேரும் ஒருநாள்கூடப் பேசினதில்லை, என்ன பிள்ளைகளோ. நேற்று விமலகுமாரி நம் வீட்டில் வைத்தே அவளுக்கு ஃபோன் போட்டுத் தந்தாள். நான் பேச ஆரம்பித்ததும் அந்தப் பெண், அங்கிள், பேடிக்கண்டா, பயப்படாதீங்க, இந்த மாதிரிக் கட்டி பெரும்பாலும் ஒண்ணும் இல்லாததாத்தான் இருக்கும், எடுத்து நோக்கியாத்தான் உறுதியாச் சொல்ல முடியும், ஆனா அக்கா ஒத்தைக்கு இருக்கக் கூடாது, நான் போறேன் என்றாள். நான் கேட்கவே இல்லை மக்கா. எப்படிக் கேட்பது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன், அதற்குள் அவளே சொல்லிவிட்டாள். கூட வேலை பார்க்கிறவளோடு டியூட்டியை மாற்றிக்கொண்டு நாலு நாள் லீவும் வாங்கிவிட்டாள். பதினைந்தாம் தேதி புதன்கிழமை சாயங்காலம் ரயிலில் வந்து உன் வீட்டுக் கதவைத் தட்டுவாள். ஒத்தாசை கேட்க வெட்கமாக இருக்கிறது, யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று உன் வழக்கமான பல்லவியை அவளிடம் பாடாதே. கதவைத் திற. படுக்கையைக் காட்டு. கஞ்சி வைத்துத் தந்தால் குடி. விமலகுமாரி இந்த விஷயத்தைச் சொந்தப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை, சுந்தரதாஸுக்கு ஜெஸ்னா ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறாள் என்றுதான் தெரியும். ஒரு தாளை ராஜப்பனிடம் கொடுக்கக் கூடாது, விமலகுமாரியிடம் கொடுக்கலாம் என்று இந்த வயதில் கற்றுக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு தாளும் ஸ்கேனில் வருகிறது, உன் பாரம்தான். மூலையில் மஞ்சள் இருக்கும், அது உன் அம்மா தொட்டது, அழுக்கு இல்லை. அதில் நான் மூன்று இடத்தில் திருத்தியிருக்கிறேன். டாக்சி என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து ஜெஸ்னா என்று எழுதியிருக்கிறேன். யாரும் இல்லை என்பதை அடித்து அங்கேயும் ஜெஸ்னா, அவளுடைய நம்பரோடு. என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த குறிப்பை அடித்து, எந்த நேரமும் அழைக்கலாம், அப்பா விழித்திருப்பார் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன், அடித்து எழுதினால் ஒப்பம் வைக்காமல் விடக் கூடாது, அது அங்கேயும் அப்படித்தான் இருக்கும். இதை ஆஸ்பத்திரியில் வாங்க மாட்டார்கள் என்றால் புதுப் பாரம் வாங்கி, இதைப் பார்த்து அப்படியே நிரப்பிக் கொடு. கையெழுத்து மட்டும் உன்னுடையது, மற்றதெல்லாம் என் உத்தரவு.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. பலாவில் இந்த வருஷம் காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. அம்மா முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறாள், போடாத நாளில் போட்டேன் என்கிறாள், ஒளிப்பதில் அவளும் லேசுப்பட்டவள் இல்லை என்று இப்போது தெரிந்துகொண்டதால் நானே பக்கத்தில் நின்று போட வைக்கிறேன். நீ ராத்திரி கண் விழிக்காதே, ஆபரேஷனுக்கு முன்னால் எப்போது சாப்பிடக் கூடாது என்று சொல்கிறார்களோ அதைக் கேள், ஷாலை எடுத்துவிட்டு எங்களோடு ஒருநாள் வீடியோவில் பேசு. அம்மா திட்ட மாட்டாள். நான் திட்டுவேன், கேட்டுக்கொள்.

இசக்கியம்மன் உன் கழுத்துக்குக் காவல் நிற்பாள், இருபத்துநாலாம் தேதி அந்த வெள்ளியை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே கொண்டு போய்க் கொடுப்போம். நல்லபடியாக எழுந்து நூறு வருஷம் இரு மக்கா.

ஒரு ஞாபகப்படுத்தல். உன் ஃபோனில் பிரிண்டரை மாற்றிவிடாதே, அது இங்கேயே இருக்கட்டும். கரண்ட் வீணாகும் என்று மத்தியானம் மெஷினை அணைத்து வைப்பேனே, பதினாறாம் தேதி அணைக்க மாட்டேன். அங்கே காலை ஆபரேஷன் முடிந்து நீ கண் திறக்கும்போது இங்கே சாயங்காலம் ஆகியிருக்கும், நானும் அம்மாவும் மெஷினுக்கு முன்னால் ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். உனக்குப் பேச முடியாவிட்டால் பேச வேண்டாம், ஜெஸ்னாவிடம் உன் ஃபோனைக் கேட்டு வாங்கி ஒரு எழுத்து அமுக்கு, அது இங்கே மெஷினில் வரும், போதும். டிரேயில் இப்போதே புதுத் தாள் வைத்துவிட்டேன், இரண்டு பக்கமும் வெள்ளை.

உன் ஒரு எழுத்தை எதிர்பார்த்து விழித்திருக்கும்,
அப்பா,
பூதலிங்கம்.